ஆபீஸ் பாக்கெட்ல கத்தி: எது வாங்கறது, எப்படி வெச்சுக்கறது?

வாசகர் கேள்வி:

வணக்கம் அண்ணா. எனக்கு 27 வயசு, சோழிங்கநல்லூர்ல ஒரு ஐடி கம்பெனில அட்மின் டீம்ல இருக்கேன். லேப்டாப், மானிட்டர், கேபிள்னு தினமும் பார்சல் வந்துட்டே இருக்கும், பிரிக்கறது என் வேலை. இவ்வளவு நாளா பைக் சாவி, பேனா, சில சமயம் பல்லு. போன மாசம் ஒரு வீடியோ பாத்துட்டு ஆன்லைன்ல கருப்பு கலர்ல ஒரு மடக்கு கத்தி வாங்கினேன், மூணரை இஞ்ச் பிளேடு, ஒரு கையால சடக்குன்னு திறக்கும், பேன்ட் பாக்கெட்ல கிளிப் போட்டு மாட்டிக்கலாம். நைட் ஷிஃப்ட் முடிச்சு வரும்போது ஒரு தைரியத்துக்கும் ஆகுமேன்னு நெனச்சேன். ரெண்டாவது நாளே கேட்ல செக்யூரிட்டி வாங்கி வெச்சுட்டாங்க, ஹெச்.ஆர்ல இருந்து விளக்கம் கேட்டு மெயில் வந்திருக்கு. கத்தி வெச்சிருக்கறது சட்டப்படி குத்தமா? ஆபீஸுக்குன்னா எது வாங்கணும், எப்படி வெச்சுக்கணும்? அடுத்த வருஷம் லண்டன் ஆன்சைட் போற சான்ஸ் இருக்கு. நான் இடது கைக்காரன், அதுக்கும் சேத்து சொல்லுங்க.

பதில்:

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், மொதல்ல ஹெச்.ஆர் மெயிலுக்கு இன்னிக்கே பதில் போட்டுருங்க. லேட் ஆக ஆக அவங்க மனசுல அது பெரிசாயிட்டே போகும். சுத்தி வளைக்க வேண்டாம், பார்சல் பிரிக்கறதுக்குன்னு கொண்டு வந்தேன், முன்னாடியே கேட்டிருக்கணும், கேக்காதது தப்புதான், அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன், இனிமே பிரிக்கறதுக்கு கம்பெனி கணக்குலயே ஒரு கட்டர் வாங்கித் தாங்கன்னு நாலு வரி போதும். கூடவே ஒரு நாள்ல உங்க டேபிள் பக்கத்துல குவியற பொட்டிங்களோட போட்டோ ஒண்ணு வைங்க, அந்த போட்டோ பேசற அளவுக்கு நீங்க எழுதற எதுவும் பேசாது. அப்புறம் அந்த "தைரியத்துக்கும் ஆகும்"னு எழுதினீங்களே, அந்த எண்ணத்தை நெசமாவே விட்டுட்டு மெயில் எழுதுங்க. அதைப் பத்தி கீழ கொஞ்சம் கடுமையாவே சொல்லப் போறேன், கோச்சுக்காதீங்க.

நான் டூல்ஸ் கடை வெச்சிருக்கேன், கத்தி விக்கறேன், சாணை பிடிச்சுத் தரேன், கோடவுன்களுக்கு கட்டர் சப்ளை பண்றேன். கடைக்கு வர்ற ஆபீஸ் பசங்க பாதிப் பேர் உங்க மாதிரி அந்தக் கருப்பு கத்தியோட போட்டோவைத்தான் போன்ல காட்டறாங்க. அதை நான் கெட்ட கத்தின்னு சொல்லமாட்டேன், மலைக்கு டென்ட் போடப் போறவங்க வாங்கிட்டுப் போறாங்க, நல்லா உழைக்குது. ஆனா ஆபீஸ்னா அங்க அந்தக் கத்தியை நீங்க மட்டும் பாக்கறதில்ல, சுத்தி இருக்கற ஐநூறு பேரும் பாக்கறாங்க. நீங்க அதுல செல்லோடேப் கிழிக்கறதைப் பாக்கறீங்க, கேட்ல நிக்கறவர் கருப்பு அலகு, பாக்கெட் விளிம்புல நீட்டிட்டு இருக்கற கிளிப், சடக்குங்கற சத்தம் இதைத்தான் பாக்கறார். உள்ள ஏதாவது ஒண்ணு நடந்தா மொதல்ல வேலை போறது அவருக்குத்தான். அதனால அவர் மேல வருத்தப்படாதீங்க, நாளைக்குப் போகும்போது ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போங்க, ஏன்னா இனிமே நீங்க கொண்டு போகப் போற பொருளையும் அவர்தான் பாத்து உள்ள விடணும்.

சட்டம் கேட்டீங்க. ஆயுதச் சட்டம் 1959, அதுக்குக் கீழ வந்த ஆயுத விதிகள் 2016, இந்த ரெண்டுதான் அடிப்படை. அந்த விதிகள்ல 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ இருக்கற அலகைத்தான் ஆயுதப் பட்டியல்ல வெச்சிருக்காங்க, அதுலயும் வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் இதுக்குன்னு செஞ்ச கத்தியை விலக்கி வெச்சிருக்காங்க, இல்லன்னா நம்ம ஊர்ல அரிவாளும் அருவாமனையும் வெச்சிருக்கற எல்லாரும் லைசென்ஸ் எடுக்கணும். ஆக மூணரை இஞ்ச் கத்தி அந்தப் பட்டியல்ல வரல. ஆனா இதை வெச்சு செக்யூரிட்டி கிட்ட வாதாடப் போயிடாதீங்க, ரெண்டு காரணம். பட்டன் அமுக்கினா ஸ்பிரிங்ல பாயற கத்திக்கு சில இடங்கள்ல தனியா அறிவிப்பு இருக்கு, டெல்லில 1980ல போட்டது இன்னிக்கும் கேஸ்ல வருது, அங்க அளவு 9 இஞ்ச் கெடையாது, நீளம் 7.62 சென்டிமீட்டர், அகலம் 1.72 சென்டிமீட்டர், அதாவது உங்க மூணரை இஞ்ச் பிளேடு அந்த நீளத்தைத் தாண்டிடுச்சு. அதனால பட்டன் கத்தியை எந்த ஊர்லயும் பக்கத்துலயே சேக்காதீங்க. ரெண்டாவது, கம்பெனி கேட்டுக்கு உள்ள அவங்க ரூல்தான். ரோட்டுல குத்தம் இல்லாத பொருளை உள்ள விடமாட்டோம்னு சொல்ல அவங்களுக்கு முழு உரிமை இருக்கு, நீங்க வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட பாலிசில பெரும்பாலும் அந்த வரி இருக்கும், தேடிப் பாருங்க.

இப்ப அந்த தைரியம் விஷயம். பாக்கெட் கத்தியை பாதுகாப்புக்குன்னு யாரும் வெச்சுக்காதீங்க, இதை நான் கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்றேன், சொல்லிட்டு வியாபாரம் போனாலும் பரவாயில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் வழி மறிச்சா பதட்டத்துல வேர்த்த கை, சின்னப் பிடி, எதுலயாவது முட்டினா வழுக்கி உங்க விரல்தான் அலகு மேல ஏறும், லாக் இல்லாத கத்தின்னா மடங்கி நாலு விரல்லயும் இறங்கும். எதிராளி அதைப் புடுங்கிட்டா வெறும் பர்ஸோட போயிருக்க வேண்டிய சமாச்சாரம் உயிர் வரைக்கும் வந்துரும். அப்படியே நீங்க ஜெயிச்சாலும், வெட்டற குத்தற கருவியால காயம் பண்ணதுக்குன்னு பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால 118ங்கற பிரிவே இருக்கு, தற்காப்புன்னு நிரூபிக்கற வரைக்கும் நீங்கதான் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையணும், கத்தியை அதுக்காகவே தினமும் வெச்சிருந்தேன்னு நீங்களே சொன்னா எதிர் வக்கீலுக்கு வேற என்ன வேணும். நைட் ஷிஃப்ட் முடிச்சா கம்பெனி கேப் கேளுங்க. 112ஐ ஸ்பீட் டயல்ல போட்டு வைங்க, தமிழ்நாடு போலீஸோட "காவல் உதவி" ஆப்பை போன்ல ஏத்தி வைங்க. இதெல்லாம் பண்ணிட்டு கத்தியை அதோட வேலைக்கு மட்டும் விடுங்க.

ஸ்விஸ் ஆர்மி நைஃப்னு ஒலகமே சொல்ற கத்தி ராணுவத்துக்குப் போனது கூட சண்டைக்கு இல்லங்க. 1891ல கார்ல் எல்செனர்ங்கறவர் சுவிட்சர்லாந்துல இபாக்ங்கற ஊர்ல இருந்து சோல்ஜர்களுக்கு செஞ்சு குடுத்த அந்தக் கத்தில இருந்தது ஒரு பிளேடு, ஓட்டை போடற ஊசி, டின் திறக்கறது, ஸ்க்ரூ டிரைவர், இவ்வளவுதான். டப்பா சாப்பாட்டைத் திறக்கவும் துப்பாக்கியைக் கழட்டி மாட்டவும் குடுத்தாங்க. 1897ல ஆபீசர்களுக்குன்னு இன்னும் லேசா ஒண்ணு பதிவு பண்ணார், இன்னிக்கு நாம கடைல பாக்கற செவப்பு கத்திங்களோட வம்சம் அதுல இருந்துதான் வருது.

சரி, எது வாங்கறது. உங்க கடிதத்துல ரெண்டு வேலை கலந்து கெடக்கு, அதைப் பிரிச்சாத்தான் பதில் வரும். ஒண்ணு, பார்சல் பிரிக்கறது, அது கம்பெனி வேலை, அதுக்கான கருவி கம்பெனி பொருளா டேபிள் டிராயர்ல இருக்கணும், உங்க பாக்கெட்ல இல்ல. இன்னொண்ணு, கவர் கிழிக்கறது, சட்டைல தொங்கற நூலு, புது ஹெட்போனோட பிளாஸ்டிக் டேகு, மாத்திரை அட்டை, கொய்யாப்பழம் இந்த மாதிரி சில்லறை வேலை, அதுக்குத்தான் பாக்கெட்ல ஒண்ணு. ஒரே கத்தில ரெண்டையும் முடிக்கணும்னு பாக்கும்போதுதான் மூணரை இஞ்சு வரைக்கும் போறோம். ஒரு வாரம் நீங்க எதையெல்லாம் வெட்டறீங்கன்னு போன்ல குறிச்சுட்டே வாங்க, கடைசில பாத்தீங்கன்னா அட்டைப்பொட்டியும் டேப்பும் தவிர மிச்சம் இருக்கறதுல முக்கால்வாசி கத்தரிக்கோல் வேலையா இருக்கும்.

பார்சலுக்கு மொதல்ல சொல்றேன், உங்களுக்கு அதுதான் தினப்படி. அட்டைப்பொட்டி பாக்க சாதுவா இருக்கும், ஆனா ஆபீஸ்ல கத்தியோட கூர்மையை அவ்வளவு சீக்கிரம் தின்னறது வேற எதுவும் இல்ல. எவ்வளவு ஒசத்தியான ஸ்டீல்னாலும் தினமும் அட்டையை இழுத்தா மழுங்கும். அதனால மழுங்கினதும் ஒடிச்சுப் போட்டுட்டு அடுத்த நுனியை எடுக்கற கட்டர்தான் சரி. அதைக் கண்டுபிடிச்சது ஜப்பான்ல ஒசாகால அச்சுக்கூடத்துல வேலை பாத்த யோஷியோ ஒகாடா, 1956ல. பேப்பர் வெட்டி வெட்டி பிளேடு நுனி மட்டும் போகுது மிச்சம் வீணாகுதுன்னு யோசிச்சு, கட்டம் கட்டமா ஒடிக்கற சாக்லேட்டையும் ஒடைஞ்ச கண்ணாடி விளிம்போட கூர்மையையும் பாத்து அந்த பிளேடை செஞ்சார், அதுதான் அப்புறம் ஓல்ஃபா கம்பெனி ஆச்சு. இன்னிக்கு ஸ்டேஷனரி கடைல கெடைக்கற எல்லா ஒடிக்கற கட்டரும் அந்த யோசனைதான். 9 மில்லிமீட்டர் அகலம் கவருக்கும் பேப்பருக்கும், 18 மில்லிமீட்டர் பொட்டிக்கு. உங்களுக்கு 18. லாக் இறுக்கமா இருக்கணும், அமுத்தினா பிளேடு பின்னாடி ஓடக்கூடாது, கடைலயே ஒரு அட்டைல அழுத்திப் பாத்து வாங்குங்க.

அதை விடவும் உங்க ஆபீஸுக்கு ஏத்தது ஒண்ணு இருக்கு, கையை எடுத்ததும் பிளேடு தானா உள்ள போயிடற சேஃப்டி கட்டர். பெரிய கோடவுன்ல எல்லாம் இதைத்தான் குடுக்கறாங்க. ஏன்னா கட்டர்ல காயம் படறது வெட்டும்போது மட்டும் இல்ல, வெட்டி முடிச்சு பிளேடு நீட்டிட்டே டேபிள்ல வெச்சுட்டு வேற ஒண்ணை எடுக்கப் போகும்போதும்தான். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனா ஹெச்.ஆருக்கும் சேஃப்டிக்கும் அனுப்பற மெயில்ல "தானா உள்ள போற கட்டர்"னு எழுதினீங்கன்னா அனுமதி சீக்கிரம் வரும். அசெட் ரிஜிஸ்டர்ல ஏத்தச் சொல்லுங்க, பூட்டற டிராயர்ல வைங்க, கேட்டைத் தாண்டி வெளிய எடுத்துட்டுப் போகாதீங்க.

ஒடிச்ச பிளேடு துண்டை மட்டும் தயவுசெஞ்சு குப்பைக்கூடைல போடாதீங்க. சாயங்காலம் அந்தக் கவரை அமுக்கி முடிச்சுப் போடறது ஹவுஸ்கீப்பிங் அக்காங்களோட வெறுங்கை. மூடி இருக்கற ஒரு மாத்திரை டப்பாவை டிராயர்ல வெச்சு அதுலயே போட்டுட்டு வாங்க, நெறைஞ்சதும் டேப் சுத்தி மேல பிளேடுன்னு எழுதி பழைய இரும்புக்காரர் கிட்ட சொல்லிக் குடுங்க. அப்புறம் ஒடிக்கறதையும் விரலால ஒடிக்காதீங்க, கட்டர் பின்னாடி மூடில அதுக்குன்னு ஒரு காடி இருக்கும், இல்லன்னா கட்டிங் பிளேயர்ல புடிச்சு முகத்தைத் திருப்பிட்டு ஒடிங்க, துண்டு தெறிக்கும்.

வெட்டற முறையும் சொல்லிடறேன், யாரும் சொல்லித் தர்றதில்ல. பொட்டியை மடியிலயோ மொழங்கால் மேலயோ வெச்சு வெட்டவே கூடாது, டேபிள் மேல, இல்ல தரைல. பிளேடை அரை சென்டிமீட்டருக்கு மேல நீட்டாதீங்க, மூணடுக்கு அட்டை கனமே மூணு மில்லிமீட்டர் சொச்சம்தான், நாம வெட்டப் போறது அட்டையைக் கூட இல்ல, மேல ஒட்டின டேப்பை. ரெண்டு மூடியும் சேர்ற நடுக்கோட்டுல ஒரு மெல்லிசான சந்து இருக்கும், விரலால தடவினா தட்டுப்படும், ஆனா மொதல்ல அதைத் தொடாதீங்க, ரெண்டு ஓரத்துலயும் டேப் மடிஞ்சு கீழ எறங்கியிருக்கற எடத்தை அறுங்க, அப்புறம் நடுக்கோட்டுல பிளேடை ரொம்பப் படுக்க வெச்சு ஒரே இழுப்பு. நட்டக்குத்தலா புடிச்சா உள்ள இருக்கற லேப்டாப் பை, அடாப்டர் ஒயர், மானிட்டர் முகம் எல்லாம் கோடு வாங்கும். பிளேடு வர்ற பாதைல உங்க வயிறோ தொடையோ பொட்டியைப் புடிச்சிருக்கற இன்னொரு கையோ இருக்கக்கூடாது, உடம்பைக் கொஞ்சம் ஒதுக்கி நின்னு பக்கவாட்டுல இழுங்க. பவர் பேங்க், பேட்டரி வர்ற பார்சல்னா இன்னும் ஜாக்கிரதை, லித்தியம் பேட்டரில நுனி பட்டா தீப்பிடிக்கும். கேபிள் டையை கத்தியால நெம்பி மேல இழுக்கறதை நிறுத்திருங்க, அது அறுந்த வேகத்துல கத்தி முகத்துக்குத்தான் வரும். எலக்ட்ரானிக்ஸ் கடைல சின்ன நிப்பர் கேளுங்க, டையோட தலைப்பக்கம் ஒரு கடி, ஒயருக்கும் ஒண்ணும் ஆகாது.

இப்ப பாக்கெட்டுக்கு வருவோம். அனுமதி கெடைச்சதுக்கு அப்புறம்தான், சரியா. என்னைக் கேட்டா ஆபீஸ் பாக்கெட்டுக்கு, மேல சொன்ன எல்செனர் ஆரம்பிச்ச கம்பெனியான விக்டோரினாக்ஸோட கிளாசிக் மாதிரி 58 மில்லிமீட்டர் சைஸ் ஒண்ணு, அவ்வளவுதான். மடக்கினா கட்டை விரல் நீளம், சாவிக்கொத்துல தொங்கறதே தெரியாது. பிளேடு நாலு சென்டிமீட்டருக்குள்ள, ஒரு குட்டிக் கத்தரிக்கோல், நகம் ராவறது, அதோட நுனில சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு பல்குச்சி, ஒரு சின்ன இடுக்கி. கத்தரிக்கோல்தான் இதுல ராஜா, பிளேடை விட நூறு மடங்கு அதை எடுப்பீங்க, அதை எடுத்தா பக்கத்து சீட்ல யாரும் திரும்பிக் கூட பாக்கமாட்டாங்க. செவப்பு, நீலம், மஞ்சள்னு பளிச்சுன்னு ஒரு கலர் எடுங்க, கருப்பு வேண்டாம். கலர் பாத்ததுமே இது கருவின்னு எதிர்ல இருக்கறவங்களுக்குப் புரியணும், தொலைஞ்சாலும் கண்ணுல படும்.

அதை விடக் கொஞ்சம் கை நெறையா வேணும், மத்தியானம் ஆப்பிள் அறுக்கணும்னா 84 மில்லிமீட்டர் சைஸ் பாருங்க. 91க்குப் போனா கார்க் திருகி மாதிரி ஆபீஸ்ல எடுக்கவே போறதில்லாத சாமான் சேந்து பாக்கெட்ல கல்லு மாதிரி கெடக்கும். லாக் இல்லையேன்னு யோசிக்காதீங்க. முதுகுல இருக்கற ஸ்பிரிங் பிளேடை நிறுத்தி வெச்சிருக்கும், கவர் கிழிக்கவும் பழம் அறுக்கவும் அதுவே தாராளம், ஆனா நுனியால குத்தித் திருகற வேலை மட்டும் பண்ணாதீங்க, அப்பத்தான் மடங்கும். ரெண்டு கையால நகம் போட்டு மெதுவா திறக்கற கத்திங்கறதே ஆபீஸுக்கு ஒரு நல்ல குணம்னு நான் நெனைக்கறேன், அந்த ரெண்டு செகண்ட்ல நீங்களும் நிதானமாயிடறீங்க, பாக்கறவங்களும் பதறமாட்டாங்க. நுனி ஊசி மாதிரி இல்லாம முதுகு வளைஞ்சு எறங்கி, வெட்டற பக்கம் நேரா இருக்கற அலகு கெடைச்சா இன்னும் நல்லது, டேப்புக்கும் கவருக்கும் நேர் விளிம்புதான் வேலை செய்யும்.

ஸ்டீல் பத்தி வீடியோல மணிக்கணக்கா பேசுவாங்க, உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி போதும், துருப்பிடிக்குமா பிடிக்காதா. ஓ.எம்.ஆர்ல கடல் காத்து, அதுக்கு மேல பாக்கெட் வேர்வை, கார்பன் ஸ்டீல் வாங்கினா ஒரு வாரத்துல புள்ளி விழும். ஃபிரான்ஸ்ல இருந்து வர்ற ஒபினெல் மரப்பிடி கத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும், பழம் அறுக்க அதுக்கு ஈடு இல்ல, ஆனா அதுல கார்பனும் இருக்கு, இனாக்ஸ்னு போட்ட ஸ்டெயின்லெஸும் இருக்கு, பாத்து எடுங்க, மழைக்காலத்துல மரம் ஊறி பிளேடு இறுகிக்கும், அது வீட்டு சமையல்கட்டுக்கு சரி. விக்டோரினாக்ஸ் ஸ்டீல் கடினம் 56 ராக்வெல் அளவுல இருக்கும், ரொம்பக் கெட்டி இல்ல, அதனாலதான் சாதாரணக் கல்லுலயே கூர் ஏறும். பிளாட்பாரத்துல அதே செவப்பு, அதே சிலுவையோட சல்லிசா கெடைக்கறது போலி. பிளேடு அடியில, பிடியை ஒட்டி எழுத்து சுத்தமா பொறிச்சிருக்கா, மடக்கினா அடுக்கு அடுக்கா வெளிச்சம் தெரியாம சேருதா, கத்தரிக்கோல் நுனி வரைக்கும் ஒரு டிஷ்யூ பேப்பரை வெட்டுதா, இந்த மூணையும் பாருங்க.

வெச்சுக்கறது எப்படின்னா, சாவிக்கொத்து, இல்லன்னா பைக்குள்ள பென் டிரைவ் சார்ஜர் போடற பவுச். பின் பாக்கெட் வேண்டாம், கிளிப் போட்டு வெளிய தெரியற மாதிரி வேண்டவே வேண்டாம், ஐடி கார்டு கயித்துல மாட்டாதீங்க. மீட்டிங் ரூம்ல கையில வெச்சு திறந்து மூடி விளையாடறது சில பேருக்குப் பழக்கம், அது எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு எவ்வளவு சங்கடம்னு அவங்களுக்குத் தெரியறதில்ல. யாராவது கேட்டா மடக்கித்தான் குடுக்கணும், வாங்கும்போதும் மடக்கித்தான் வாங்கணும். மெட்ரோல பேக் ஸ்கேனர் இருக்கு, தடுத்தா தடுத்ததுதான். கோர்ட்டு, தலைமைச் செயலகம் போற நாள் வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க. ஏர்போர்ட்ல கேபின் பேக்ல எந்தக் கத்தியும் போகாது, செக்-இன் லக்கேஜ்ல போகும். சாவிக்கொத்துல இருக்கறதுதான் மறந்து போய் செக்யூரிட்டி தொட்டில விழறது, அதனால வளையத்துல சட்டுன்னு கழட்டற கொக்கி ஒண்ணு போட்டுக்குங்க, ஃப்ளைட் டிக்கெட் புக் பண்ண அன்னிக்கே கழட்டி வெச்சுருங்க.

கூர் விஷயம் சுருக்கமா. மழுங்கின கத்திக்கு அழுத்தம் ஜாஸ்தி வேணும், அழுத்தினா வழுக்கும், வழுக்கினா கைதான். செய்தித்தாள் ஓரத்தை புடிச்சு இழுத்துப் பாருங்க, கிழியாம அறுந்தா கூர் இருக்கு. 1000 நம்பர் கல்லு ஒண்ணு போதும், தண்ணி தெளிச்சு, ஒரு பக்கத்துக்கு 15ல இருந்து 20 டிகிரி சாய்வு, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி. கல்லு இல்லாத அவசரத்துக்கு பீங்கான் கப்பைக் கவுத்துப் போட்டா அடியில பளபளப்பு பூசாத ஒரு வளையம் தெரியும், அதுல நாலு தேய்ப்பு. சக்கரத்துல சாணை பிடிக்கறவர் கிட்ட அருவாளுக்கும் அருவாமனைக்கும் குடுங்க, இந்த மெல்லிசு பிளேடை குடுக்காதீங்க. தண்ணி தொடாம சக்கரத்துல ஓட்டினா நுனி சூடேறி நீலம் பாயும், நீலம் பாஞ்ச எடத்துல பதம் போச்சு, அப்புறம் எத்தனை தேய்ச்சாலும் கூர் நிக்காது. டேப் பசை ஒட்டிக்கிட்டா டிராயர்ல இருக்கற சானிடைசர் நாலு சொட்டு பஞ்சுல தொட்டுத் துடைங்க. மாசத்துக்கு ஒரு தடவை வெந்நீர்ல கழுவி, நல்லாக் காய வெச்சு, மூட்டுல ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், மிச்சத்தைத் துடைச்சுரணும். தேங்காய் எண்ணெய் விடாதீங்க, நாளாக நாளாக பிசுபிசுன்னு ஆகி தூசியைப் புடிச்சுக்கும். டேப் அறுத்த பிளேடுல பழம் அறுக்கறதா இருந்தா சோப்பு போட்டுக் கழுவிட்டு அறுங்க, பர்த்டே கேக்குக்கு பேன்ட்ரில இருந்து வேற கத்தி கேளுங்க.

லண்டன் போறீங்கன்னா கருப்பு கத்தியை பொட்டில கூட வைக்காதீங்க. அங்க 1988 கிரிமினல் ஜஸ்டிஸ் சட்டம் 139ஆவது பிரிவுல, மடக்கற பாக்கெட் கத்தி, வெட்டற விளிம்பு 3 இஞ்சுக்குள்ள இருந்தா மட்டும்தான் காரணம் சொல்லாம வெச்சுக்கலாம். திறந்ததும் லாக் ஆகற கத்தியை மடக்கு கத்தின்னே எடுத்துக்க முடியாதுன்னு 1993லயே அங்க கோர்ட்டு சொல்லிருச்சு, அதனால 2 இஞ்சா இருந்தாலும் லாக் இருந்தா தகுந்த காரணம் கேப்பாங்க. தற்காப்புக்குன்னு சொன்னா அதுவே உங்களுக்கு எதிரா திரும்பும். நான் சொன்ன 58, 84 ரெண்டு சைஸ்லயும் லாக் இல்லாத மாடல்தான் அந்தக் கணக்குக்குள்ள வரும். அப்பவும் அங்க உங்க ஆபீஸ் ரூல் என்னன்னு போனதும் கேட்டுக்குங்க.

கடைசியா இடது கை. இந்த மடக்கு கத்திங்கள்ல நகம் போடற பள்ளம் பெரும்பாலும் வலது கைக்காரங்க கட்டை விரலுக்கு வாகா ஒரே பக்கம்தான் இருக்கும், நீங்க திறக்கும்போது கத்தியைத் திருப்பிப் புடிக்கணும், பழகிரும். சின்னக் கத்தரிக்கோல்ல உங்களுக்குப் பெரிய தொந்தரவு இருக்காது, ஏன்னா அது விரல் வளையம் இல்லாம அமுக்கற மாதிரி இருக்கு. ஒடிக்கற கட்டர்ல ஸ்லைடரைத் தள்ளும்போது பிளேடோட எழுத்துப் பக்கம் தலைகீழாத் தெரியும், சில மாடல்ல பிளேடை வெளிய எடுத்துத் திருப்பிப் போட்டுக்கலாம், வாங்கும்போது கடைக்காரர் கிட்ட திருப்பிப் போட்டுக் காட்டச் சொல்லுங்க, காட்டத் தெரியலன்னா வேற மாடல் எடுங்க. பொட்டி வெட்டும்போது நான் மேல சொன்ன பக்கவாட்டு இழுப்பு உங்களுக்கு இப்படி இருக்கணும், வலது கை பொட்டியோட தூரத்து மூலையைப் புடிக்கணும், இழுப்பு உங்க இடது இடுப்புக்கு வெளிய போய் முடியணும்.